தொத்தோரேயின் தலைக்கவசங்களும் என் கருநாக்கும்

பலேர்மோவில் நான் வேலை செய்த வீடுகளில் விசித்திரமானது எது என்று கேட்டால், யோசிக்காமல் பல் டொக்டரின் வீட்டைத்தான் சொல்வேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அவர் தொழிலை விட்டு, மனைவியையும் இழந்து, பிள்ளைகளும் இல்லாமல், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். நான் காலையில் போய்ச் சமைத்து, வீடு துடைத்து, பின்னேரம் திரும்புவேன். ஊரெல்லாம் அவரை இத்தாலியனில் தொத்தோரே, அதாவது டொக்டர், என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே. மற்ற வீடுகளில் என்னை ஒருமையில் அதட்டுவார்கள். இவர் மட்டும் மரியாதையாகச் சிஞ்ஞோரா, அம்மணி, என்பார். அந்த ஒரு சொல்லுக்காகவே ஜன்னல் கண்ணாடிகளை இன்னொரு தரம் துடைக்கலாம் போலிருக்கும்.

முதல் நாள் முன் அறைக் கதவைத் திறந்து காட்டினார். சுவர் நெடுகக் கண்ணாடி அலுமாரிகள், அவற்றுக்குள் வரிசை வரிசையாகப் பட்டாளத் தொப்பிகள். பட்டாளத்துக்குப் பயந்துதான் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டே வெளிக்கிட்டோம். ஓடி வந்த இடத்திலும் அதற்குத் தூசி தட்ட வேண்டுமா என்று கோபம் வந்தது. வேறு வீடு பார்ப்பதென்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். அவர் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

“இதெல்லாம் அணிவகுப்புக்குப் போடுறது சிஞ்ஞோரா,” என்றார். “இந்த மினுக்கத்தோடை சண்டைக்குப் போனால் எதிரி மலைக்கு அங்காலை நிண்டே கண்டிடுவான்.”

அவர் பேசியது இத்தாலியன்தான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் எங்கள் பேச்சாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

அவை ஜேர்மனியில் மன்னர் ஆட்சி இருந்த காலத்துக் குதிரைப்படை அதிகாரிகளின் தலைக்கவசங்கள். பின்கழுத்தை மூடுவதற்குச் சிங்கி இறாலின் வால் மாதிரி அடுக்கடுக்கான தகடுகள், உச்சியில் ஒரு கூர், நெற்றியில் கழுகோ நட்சத்திரமோ. சிப்பாய்க்கு அரசாங்கம் கொடுத்த தொப்பி. அதிகாரிகளோ தங்கள் தொப்பியைத் தாங்களே சொல்லிச் செய்வித்தார்களாம். அதனால் சிப்பாயின் தொப்பியில் வெறும் பித்தளையாக இருக்கும் இடம் அதிகாரியின் தொப்பியில் பொன் பூசியிருக்கும். பெருமை அடிப்பதில் எங்கள் ஆட்களுக்குச் சற்றும் குறையாத ஆட்கள்.

வேறு வீடு பார்க்கும் யோசனை ஒரு கிழமைக்குள் கைவிட்டுப் போனது. காரணம் அந்த உலோகங்கள்தான். உருக்கு என்றால் உருக்கு என்று நினைத்திருந்த எனக்கு, மினுக்கிய உருக்கில் மெல்லிய நீலம் ஓடும் என்பதும், அதே உருக்குக்கு நிக்கல் பூசினால் அந்த நீலம் மறைந்து ஒரு துளி மஞ்சள் ஏறும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. ஒரு கவசத்தின் உச்சியில் வெள்ளிச் சிங்கம் ஒன்று நின்றது. அதன் பிடரி மயிரின் இடுக்கெல்லாம் கறுத்து, மூக்கு மட்டும் பளிச்சென்று இருக்கும். இன்னொன்றில் வெள்ளி நட்சத்திரம். அதை மினுக்காமல் வேண்டுமென்றே பனி படிந்தது போல மங்கலாக விட்டிருந்தார்கள், நடுவில் இருக்கும் எனாமல் வட்டம் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று. யாரோ பெயர் தெரியாத தொழிலாளி, எங்கே பளபளக்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று இடம் பார்த்து முடிவு செய்திருக்கிறான். அவனை நினைத்து நான் பல நாள் துணியும் கையுமாக அப்படியே நின்றிருக்கிறேன். பட்டாளத்தின் மேல் இருந்த என் கோபம் குறையவில்லை. அந்தக் கைகளின் மேல் எனக்கு எந்தக் கோபமும் வரவில்லை.

துடைப்பதற்கு விதிகள் இருந்தன. பருத்திக் கையுறை போட வேண்டும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, காய்ந்த துணியால் ஒற்ற வேண்டும். எந்தப் பசையும், எந்தத் தண்ணீரும் கிட்டவே வரக்கூடாது. பெருநாளுக்கு முதல் பித்தளையெல்லாம் புளி போட்டு மினுக்கி வளர்ந்த எனக்குக் கை துருதுருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் காரணம் சொன்னபோது அடங்கிவிட்டேன்.

“பல்லுக்கு நான் வெள்ளியைப் பாதரசத்தோடை குழைச்சனான்,” என்றார். “அவங்கள் தங்கத்தைப் பாதரசத்தோடை குழைச்சுப் பூசி நெருப்பிலை காட்டினவங்கள். பாதரசம் ஆவியாப் போயிடும், தங்கம் நிண்டுவிடும். பிறகு வேண்டின இடத்தைக் கல்லாலை உரசி மினுக்கிறது. தங்கம் மெல்லிசு. ஒருத்தன் வீட்டுச் சாமான் மினுக்கிற பசையைப் போட்டுத் தேய்ச்சால், ஒரு பின்னேரத்திலை எல்லாம் துணியிலை வந்திடும்.”

அந்தப் புகை அவர்களின் சிறுநீரகத்தையும் மூளையையும் தின்றதாகவும் சொன்னார். தங்கம் பூசியவர்கள் நடுங்கும் கையோடுதான் முதுமையைக் கண்டார்களாம். அதற்குப் பிறகு அந்தப் பொன்னைத் துடைக்கும்போது எனக்கு அவர்களின் நினைவு வராமல் இருந்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவருக்குக் கண் ஓரளவு தெரிந்தது. பிறகு அது மெல்ல மெல்லக் குறைந்தது. கோப்பியைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றுவார். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருப்பார். நான் காணாத மாதிரி இருப்பேன். அவரும் தெரிகிற மாதிரியே நடப்பார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “ஒண்டும் விசேசமில்லை,” என்பார். ஒரு வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து நாடகம் போட்டோம், பார்க்க வேறு ஆள் கிடையாது. காலையில் நான் அலுமாரிகளைத் துடைத்து முடித்ததும் கதவில் சாய்ந்து நின்று, “எப்பிடி, எல்லாம் வடிவா இருக்கோ?” என்று கேட்பார். “பரவாயில்லை தொத்தோரே,” என்பேன். தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

ஏன் பரவாயில்லை என்று சொன்னேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்குக் கருநாக்கு. சும்மா சொல்லவில்லை. மைத்துனியின் புதுக் குளிர்சாதனப் பெட்டியை “நல்ல வடிவு மச்சாள்” என்றேன், அந்தக் கிழமையே அது நின்றுபோனது. என் மனிசன் ஆசைப்பட்டு வாங்கிய கோட்டைப் புகழ்ந்தேன், அன்றைக்கே பல்லரோ சந்தையில் மீன்காரனின் கொளுக்கியில் மாட்டிக் கிழிந்தது. கண்ணூறு, நாவூறு எல்லாம் மூடநம்பிக்கை என்று எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் சுவாமி பிரசங்கம் வைத்தார்தான். ஆனாலும் அவருடைய புதுச் சைக்கிளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, அவர் நன்மைக்குத்தான். எங்கள் பக்கத்தில் வடிவான குழந்தையை யாரும் வடிவென்று சொல்ல மாட்டார்கள். “என்ன இது, கறுவல்” என்று ஒரு திட்டுத்தான் கொடுப்பார்கள். ஆசை கூடக் கூடத் திட்டும் கூடும்.

ஒரு இளவேனில் காலையில் ஜேர்மனியிலிருந்து மரப்பெட்டி ஒன்று வந்தது. அலுமாரியின் நடுத் தட்டில் ஒரு இடம் எப்போதும் வெறுமையாகவே இருந்தது. அதற்குரிய கவசத்தைத்தான் தொத்தோரே அரைவாழ்நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். மன்னரின் மெய்க்காவல் குதிரைப்படையில் ஒரு அதிகாரிக்குச் செய்தது. உருக்கில் செய்த மற்றவற்றைப் போல இல்லை இது. செம்பு கூடிய ஒரு பித்தளை, தொம்பாக் என்பார்கள். அதற்கு மேல் முழுக்கப் பொன். ஒரு வியாபாரியிடம் படம் மட்டும் பார்த்து வாங்கியிருந்தார். அதுவும் கண் நன்றாக இருந்த காலத்தில் கண்ட ஒரு பழைய படத்தை நம்பி.

நான்தான் மரச்சீவல் சுருள்களுக்குள்ளிருந்து அதைத் தூக்கி எடுத்தேன். ஐயோ, என்ன சொல்ல! காலை வெயில் அதில் பட்டதும் அறையின் மறுபக்கச் சுவர் மஞ்சளாகியது. தாலிக்கொடியில் இருக்கும் எங்கள் ஊர்ப் பவுணின் நிறம், அந்த இளஞ்சிவப்பு கலந்த மஞ்சள். இதற்கு ஏதும் நடந்துவிடக் கூடாது என்பதுதான் அடுத்த நொடி வந்த நினைப்பு.

தொத்தோரே கையுறையோடு அதை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்தார். பிறகு எதுவும் நடக்காதது போல, “என்ன சிஞ்ஞோரா, எப்பிடி?” என்றார்.

“இருக்குது,” என்றேன்.

அடுத்த நாள் திரும்பவும் கேட்டார். குரலில் அவ்வளவு ஆசை. ஆசை கூடின இடத்தில்தான் நாவூறு விழும். “பரவாயில்லை,” என்றேன். அதற்கடுத்த நாள் நான் சூப்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது குசினிக்கே வந்துவிட்டார். “வெயிலிலை பாத்தால் எப்பிடி இருக்குது? தங்கம் நல்லாத் தெரியுதோ?” எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் தாய்மார் குழந்தையைத் திட்டுவது போலவே அதைத் திட்டி வைத்தேன். “அவ்வளவு ஒண்டுமில்லை தொத்தோரே. கொஞ்சம் மங்கல்தான்.”

“ஓம்,” என்றார். “நானும் அப்பிடித்தான் நினைச்சனான்.” சுவரைத் தொட்டுத் தொட்டு அறைக்குப் போனார். அன்றைக்குச் சூப்பைக் குடிக்கவில்லை.

சனிக்கிழமைகளில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் வருவார், வழக்கறிஞர். அவரும் தலைக்கவசம் சேர்க்கிற ஆள், கூரான கண், அதைவிடக் கூரான வாய். அவர் வருவதற்கு முன் தொத்தோரே புதுக் கவசத்தைத் துணியால் சுற்றிப் படுக்கையறை அலுமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார். நண்பர் கேட்டபோது, “இன்னும் வந்து சேரேல்லை,” என்று பொய் சொன்னார். எனக்கோ புல்லரித்துவிட்டது. இவரும் கண்ணூறுக்குப் பயப்படுகிறாரே, நாங்கள் இருவரும் ஒரே கட்சி என்று நினைத்தேன். நான் வாயை அடக்கியது எவ்வளவு சரி என்று எனக்கே என்னை மெச்சத் தோன்றியது.

அன்றிரவு மனிசனிடம் சொன்னேன். அவர் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் துப்புரவாக்கும் வேலை.

“நல்ல காரியம் செய்தாய்,” என்றார். “என்ரை கோட்டுக்கு நடந்தது போதும்.”

திங்கட்கிழமை நான் போகும்போது மரப்பெட்டி நடு அறையில் திறந்து கிடந்தது. தொத்தோரே பக்கத்து நாற்காலியில் கோட்டும் கழுத்துப்பட்டியும் பருத்திக் கையுறையுமாக உட்கார்ந்திருந்தார்.

“இதைத் திரும்பக் கட்டுங்கோ சிஞ்ஞோரா. மத்தியானம் ஆள் வந்து எடுப்பான். வியாபாரியோடை கதைச்சிட்டன், திருப்பி எடுக்கிறானாம்.”

எனக்கு விளங்கவில்லை. சொன்னதைச் செய்வதுதான் வேலை என்பதால் கவசத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் இறக்கினேன். சீவலை அள்ளி மேலே போடும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏன் தொத்தோரே அனுப்புறியள்?”

“தங்கம் போயிட்டுது. ஆரோ மடையன் பசை போட்டுத் தேய்ச்சு எடுத்துப்போட்டான். இப்ப இது வெறும் பித்தளைச் சட்டி.”

“ஆர் சொன்னது?”

“நீங்கள்தான்.”

சீவலும் கையுமாக நிமிர்ந்தேன். “நானோ? நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?” என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

“முதல் நாள் இருக்குது எண்டியள். பிறகு பரவாயில்லை. பிறகு மங்கல் எண்டியள். நல்ல தங்கத்தைப் பாத்த ஒரு பொம்பிளை அப்பிடியோ சொல்லுவா?” அவர் கையுறையைக் கழற்றினார், திரும்பப் போட்டார். “எனக்கு இப்ப வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியுது சிஞ்ஞோரா. அது உங்களுக்குத் தெரியும், நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை, அதுக்கு நன்றி. என்ரை சிநேகிதனைக் கேட்டால் இரவைக்குள்ளை பலேர்மோ முழுக்கத் தெரிஞ்சிடும். அதுதான் உங்களைக் கேட்டனான். நான் உங்கடை வாயாலைதான் பாக்கிறன்.”

நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, ஓவென்று அழுதேன். அழுகைக்கு நடுவில் கருநாக்கைச் சொன்னேன், குளிர்சாதனப் பெட்டியைச் சொன்னேன், கோட்டைச் சொன்னேன், கறுவல் என்று திட்டப்படும் வடிவான குழந்தைகளைச் சொன்னேன். என் இத்தாலியன் அவ்வளவுக்கு ஓடாது; கையாலும் கண்ணாலும் சேர்த்துச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டேயிருந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்து, கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு வீட்டுத் திறப்புக்கோர்வையை எடுத்துக் காட்டினார். அதில் விரல் நீளத்தில் ஒரு சிவப்புக் கொம்பு தொங்கியது.

“இது எதுக்கெண்டு நினைச்சியள்? இஞ்சை எங்களுக்கும் அந்தப் பயம்தான். ஆனால் நாங்கள் வாயை மூடுறதில்லை. வடிவு எண்டு சொல்லுவம், சொன்ன கையோடை பெனெதீக்கா எண்டுவம். ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும். அதோடை விசயம் முடிஞ்சுது.”

“எங்கடை நாவூறுக்கும் அது கேக்குமோ?”

“அதுக்கு இத்தாலியன் விளங்காட்டி, தமிழிலையும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ.”

நான் சீவலை அள்ளி நிலத்தில் போட்டுவிட்டுக் கவசத்தை வெளியே எடுத்தேன். ஜன்னல் கதவை அகலத் திறந்தேன். இப்போது அவருக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. கேள்விகள் டொக்டரின் கேள்விகளாக வந்தன.

“விளிம்பிலை இருக்கிற பூவேலையின்ரை பள்ளத்துக்குள்ளை பாருங்கோ. என்ன நிறம்?”

“மஞ்சள், தொத்தோரே. மினுக்கம் இல்லாத மஞ்சள். மா பூசின மாதிரி.”

“மேட்டிலை?”

“மேட்டிலை கண்ணாடி. என்ரை முகம் தெரியுது.”

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “முன் மறைப்பிலை, கை படுற இடம்?”

“அங்கை கொஞ்சம் தேய்ஞ்சிருக்குது. ஒரு பெருவிரல் அளவு. அதிலை சிவப்பா உள்ளுலோகம் தெரியுது. ஆனால் திடீரெண்டு இல்லை, தங்கம் மெல்ல மெல்லக் குறைஞ்சு சிவப்புக்குள்ளை போகுது.”

“அது அவன்ரை கை,” என்றார் மெதுவாக. “தொப்பியைக் கழட்ட ஒவ்வொரு நாளும் அதிலைதான் பிடிச்சிருப்பான். பசை போட்டுத் தேய்ச்சிருந்தால் அப்பிடித் தேயாது. மற்ற இடமெல்லாம்?”

“மற்ற இடமெல்லாம் பொன், தொத்தோரே. உச்சியிலையிருந்து கழுத்துத் தகட்டின்ரை கடைசி அடுக்கு வரைக்கும் பொன். வடிவு. இப்பிடி ஒரு வடிவை நான் என்ரை வாழ்க்கையிலை கண்டதில்லை. பெனெதீக்கா.” தமிழிலும் சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றினார். அந்த வீட்டில் முதல் தடவையாக, வெறும் உள்ளங்கையை விரித்துப் பொன்னின் மேல் வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை. மத்தியானம் கீழே மணி அடித்தது. நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, கொண்டுபோக ஒன்றும் இல்லை என்று அந்த ஆளை அனுப்பிவிட்டு வந்தேன். கவசத்தை அலுமாரியின் வெறும் இடத்தில் வைத்தேன். துடைத்து நிமிரும்போது பின்னால் அவர் குரல் கேட்டது, முன்பு கேளாத ஒரு சின்னக் குரல்.

“அப்ப, மற்றதுகள்?”

“மற்றதுகள் எண்டால்?”

“மற்றதுகளுக்கும் நெடுகப் பரவாயில்லை எண்டுதானே சொன்னனீங்கள்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண் மங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு காலையும் அந்தக் கதவில் சாய்ந்து நின்று, தன் கவசங்கள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகிற செய்தியை என் வாயிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உருக்கு துருப்பிடிப்பதாக, வெள்ளி கறுப்பதாக, பொன் உதிர்வதாக. கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கோப்பி குடித்திருக்கிறார்.

“நான் கெடுத்துப்போட்டன் எண்டு நினைச்சியளோ? ஏன் என்னோடை கோவிக்கேல்லை?”

“நீங்கள் கவனமாத்தானே துடைச்சனீங்கள். சத்தம் கேட்டுக்கொண்டுதானே இருந்தனான். இந்த ஊர்க் கடற்காத்துக்கு நீங்கள் என்ன செய்வியள்?”

நான் முதலாவது அலுமாரிக்குப் போனேன். உருக்குக் கவசத்தை எடுத்து ஜன்னலுக்குக் காட்டினேன். துரு ஒரு பொட்டும் இல்லை என்றேன். நீலம் அப்படியே ஓடுகிறது என்றேன், எதிர்வீட்டுப் பல்கணியில் காயும் துணியின் கோடுகள்கூட இதில் தெரிகின்றன என்றேன், வடிவு, பெனெதீக்கா. அடுத்ததாக வெள்ளிச் சிங்கத்தை எடுத்தேன். பிடரியின் கறுப்பையும் மூக்கின் மினுக்கத்தையும் சொன்னேன். பல்லுகூட ஒவ்வொன்றாகத் தெரிகிறது, உங்களிடம் காட்ட வந்த மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது என்றேன். சிரித்தார். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன, அவர் துடைக்கவில்லை. மூன்றாவதை எடுக்கக் கை நீட்டினேன்.

“போதும் சிஞ்ஞோரா,” என்றார். “மிச்சத்தை நாளைக்குச் சொல்லுங்கோ. எல்லாத்தையும் ஒரே நாளிலை கேட்டு முடிக்க எனக்கு மனமில்லை.”